இரண்டு முழப் பாவம்

பாவத்துக்கு எடை உண்டு என்று ஊர் கண்டுபிடித்து இருபது நாள் ஆகியிருந்தது.

மூடிக் கிடந்த மாவு மில்லின் வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் வரிசை. யார்தான் இல்லை அதில்? பல் வைத்தியர் இருந்தார். கணக்கு வாத்தியார் இருந்தார். காலையில் பிள்ளைகளுக்குத் தராசுக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு போலீஸ்காரர் வந்தார். ஒழுங்குபடுத்தி முடித்ததும் அதன் கடைசியில் தானும் நின்றுகொண்டார்.

சுவரெல்லாம் ஒரே கேள்வி ஒட்டியிருந்தது: "உங்கள் பாவம் எத்தனை கனம்?"

பதில் சொன்னது ஒரு பலகை. பலகையைப் பேச வைத்தவருக்குப் பலகையார் என்று பெயர். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல சாப்பாடு. பலகை எட்டு முழ நீளம். நடுவில் ஒரு பீடம். பலகையின் இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டுத் துணி தரைவரை தொங்கும்; பீடம் கண்ணில் படாது. ஒரு முனையில் கறுப்பு உருண்டைக் கல். அதுதான் சாட்சிக்கல். வானத்திலிருந்து விழுந்ததாம். வானம் அதை வழவழவென்று கொத்தி, அடியைத் தட்டையாக்கி, பலகையில் உருளாமல் நிற்கிற மாதிரி அனுப்பி வைத்திருந்தது.

மறு முனையில் நீங்கள் உட்கார வேண்டும். புண்ணியவான் என்றால் சாட்சிக்கல் தரையிலேயே கிடக்கும். உங்கள் கால் தரையில் படாது, பூ மாதிரி மேலேயே மிதப்பீர்கள். பாவி என்றால் 'தொம்'மென்று கீழே போவீர்கள். அடிபடுவது உட்காருகிற இடம் என்பதால் பாவம் நன்றாக உறைக்கும். அப்புறம் காணிக்கை கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் மேலே நிற்பீர்கள். கல் பட்டறையில் ரம்பம் ஓட்டுகிறவர் முதல் தரம் தொம்மென்று போனார். பெண்டாட்டியின் தையல் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் தரம் பூ மாதிரி நின்றார்.

"மேல நிக்கும்போது எப்படி இருந்தது தெரியுமா? உடம்பே இல்லாத மாதிரி" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னார்.

வீட்டில் இல்லாமல் போனது தையல் மெஷின்தான். அதைப் பெண்டாட்டி சொன்னாள்.

அந்தக் கல் பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. பெரிய பாறைகள் லாரியில் வரும். அறுத்து, கொத்தி, பலகைக் கல்லாகவும் ஓரக்கல்லாகவும் அனுப்புவார்கள். பாறையைத் தூக்கிவிட ஒரு சங்கிலி, சங்கிலி போகாத இடத்துக்குக் கடப்பாரை. ஆறு ஆள் கடப்பாரையை அழுத்துவார்கள். அந்த ஆறு பேருக்கும் மேலே ஒரு பெண் இருந்தாள், கீழே குந்தியபடி. கடப்பாரைக்கு அடியில் முட்டு வைப்பது அவள் வேலை. முட்டு என்பது ஒரு மரக்கட்டை. கடப்பாரை அதன் மேல் சாய்ந்துதான் பாறையைக் கிளப்பும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதை ஆதாரப் புள்ளி என்பார்கள். பத்திரிகைக்காரர்கள் முட்டுக்கட்டை என்றால் தடை என்று எழுதுவார்கள்; வாழ்க்கையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதவர்கள் கண்டுபிடித்த அர்த்தம் அது. முட்டு இல்லாமல் ஆறு பேர் அல்ல, அறுபது பேர் தொங்கினாலும் பாறை அசையாது.

அவளை எல்லோரும் முட்டுக்காரி என்றார்கள். கட்டையைக் கல்லுக்குப் பக்கத்தில் தள்ளு, கல் எழும்பும். கைக்குப் பக்கத்தில் தள்ளு, கல் இருந்த இடத்தில் இருக்கும், அழுத்துகிறவன்தான் எழும்புவான். பதினாறு வருஷமாக இதுதான் அவள் படிப்பு. ஒரு சாண் தப்பினால் யாருடைய விரல் போகும் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் அதே பட்டறையில் சங்கிலியில் கல் கட்டுகிறவன். ஆள் நெட்டை, பெயரும் நெட்டையன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சங்கிலி அறுந்தது. பாறை அவன் வலது பாதத்தின் மேல் இறங்கியது.

அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மூன்று கண்ணி ஏற்கெனவே விட்டுப்போயிருந்தன. மூன்றையும் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள். மேஸ்திரி நாலு தரம் முதலாளியிடம் சொல்லியிருந்தார். "ஆகட்டும் பார்க்கலாம்" என்று முதலாளி நாலு தரமும் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் பத்து நாளைக்குள் ஆபரேஷன் செய்தால் பாதம் தங்கும். இல்லையென்றால் கணுக்காலோடு எடுக்க வேண்டும். பட்டறையில் அடிபட்டால் வைத்தியம் பட்டறைப் பொறுப்பு என்பது பேச்சு. முட்டுக்காரி போய் முதலாளியிடம் கேட்டாள்.

முதலாளி பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விடுவதற்கு அவரிடம் நிறைய உடம்பு இருந்தது.

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? ஆனா பாரும்மா, பத்து வருஷமா தொங்குற சங்கிலி. எத்தனையோ பேர் அதுக்குக் கீழ நின்னிருக்கான். இவன் நிக்கும்போது மட்டும் ஏன் அறுந்துச்சு?"

"அன்னைக்கு அவரு முறைங்க."

"முறை இல்லம்மா. வினை. பலகையார் சனிக்கிழமை நம்ம பட்டறைக்கே வர்றார். உன் புருஷனை உட்கார வைப்போம். பலகை அவனை மேல வச்சா, வைத்தியம் முழுக்க என் பொறுப்பு. கீழ போட்டா, அவன் பாவத்துக்கு நான் எப்படிம்மா பொறுப்பாக முடியும்?"

இதை அவர் மேஸ்திரி முன்னால், முப்பது ஆள் முன்னால் சொன்னார். முப்பது பேரும் தலையை ஆட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது அவர்களுக்கு. அறுந்த சங்கிலி பின்னால் கம்பி தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலகை பேசுகிற ஊரில் சங்கிலி சொல்வதை யார் கேட்பார்?

வீட்டில் நெட்டையன் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"என்ன யோசனை?" என்றாள்.

"ஏதாவது பண்ணியிருப்பேன்ல? சும்மாவா என் மேல விழும்? சின்ன வயசுல ஒரு நாய்மேல கல்லெறிஞ்சிருக்கேன். அது நொண்டிக்கிட்டே போச்சு. வலது கால்தான்."

"சரி. அந்த நாய் வந்து சங்கிலியைக் கடிச்சிட்டுப் போச்சாக்கும்?"

"விளையாடாத. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் கம்பி சுத்தினதைப் பார்த்தவங்கதான். நீயும் பார்த்த. அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே."

அவனுக்குப் பாதம் வலித்தது, அதைவிட அந்த நாய் வலித்தது.

மறுநாள் முட்டுக்காரி மாவு மில்லுக்குப் போனாள். வரிசையில் நிற்கவில்லை, ஓரமாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தாள். கூட்டம் முழுக்கப் பலகையின் முனைகளைப் பார்த்தது. அவள் தொழில் பழக்கம், நடுவைப் பார்த்தாள். நடுவில் துணி.

பலகையாருக்கு ஒரு மச்சான் இருந்தார். ஒவ்வொரு ஆளும் உட்காரும் முன்னால் மச்சான் பக்கவாட்டில் மண்டியிட்டு, துணிக்குள் தலையையும் தோளையும் நுழைத்து, பீடத்தை வணங்குவார். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. சில சமயம் உள்ளேயிருந்து முக்குகிற சத்தம்கூடக் கேட்டது. ஆள் இறங்கிய பிறகு அவர் வணங்கவே இல்லை. உட்காரும் முன்னால் மட்டும்தான். அதற்கும் முன்னால் பலகையார் கனைப்பார். ஒரு கனைப்பு என்றால் அடுத்தவர் பாவி. இரண்டு கனைப்பு என்றால் புண்ணியவான். காணிக்கை கொண்டுவந்தவர்கள் உட்காரும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை இரண்டு தரம் கரகரத்தது.

"அட" என்று சொல்லிவிட்டு முட்டுக்காரி எழுந்து வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பட்டறையில் ரம்பம் நின்றது. ஊரே வந்திருந்தது. கல் தூசியைத் துடைத்து இடம் பண்ணி, பலகையைப் போட்டு, பட்டுத் துணியைத் தொங்கவிட்டு, முதலாளிக்கு ஒரு நாற்காலியும் போட்டார்கள். பலகையார் பேசினார். மனிதன் பொய் சொல்வான், சங்கிலி பொய் சொல்லும், பலகை சொல்லாது என்றார். சங்கிலி எப்படிப் பொய் சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேர் நெட்டையனைத் தூக்கிவந்தார்கள். பலகையார் ஒரு தரம் கனைத்தார். மச்சான் துணிக்குள் போய் வணங்கிவிட்டு வெளியே வந்தார். நெட்டையனை உட்கார வைத்தார்கள்.

தொம்!

கட்டுப் போட்ட பாதம் தரையில் இடித்தது. அவன் கத்திய கத்தலில் வாசலில் நின்ற லாரி டிரைவர் உள்ளே ஓடி வந்தார். கூட்டம் "ஐயோ" என்றது. அந்த ஐயோ அவன் காலுக்காக இல்லை, பாவத்துக்காக.

"பார்த்தீங்களா? நான் என்ன பண்றது?" என்று முதலாளி இரண்டு கையையும் விரித்தார். கை விரிந்ததில் வருத்தம் குறைவாகவும் நிம்மதி கூடுதலாகவும் இருந்தது.

நெட்டையனை இறக்கிப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். முட்டுக்காரி அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு எழுந்தாள். அவள் பார்வை பட்டதும் கடப்பாரை ஆட்கள் இரண்டு பேர் ஒரு ஓரக்கல்லைத் தூக்கி வந்தார்கள். அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

"ஐயா, எங்க பட்டறைக் கல்லும் ஒரு தரம் உங்க பலகையில உட்காரட்டுங்க. எங்களுக்கு ஒரு புண்ணியம்" என்று கும்பிட்டாள்.

பலகையாருக்கு அது பிடித்திருந்தது. "வையம்மா" என்றார். வைத்தார்கள். கல் தொம்மென்று கீழே போனது.

"என்னங்க ஐயா, கல்லும் பாவியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பலகையாரா அசருகிறவர்? குரலை உயர்த்தினார்.

"ஆமாம்மா! ஒரு மனுஷன் காலை நசுக்கின பாறையோட ஜாதிதானே இது? பாவம் பண்ணின கல்! பலகைக்கு எல்லாம் தெரியும்!"

கூட்டம் சிலிர்த்துப் போனது. கல்லின் பாவத்தையே கண்டுபிடித்த பலகை! ரம்பக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"நல்லாச் சொன்னீங்க ஐயா. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? இது பாவம் பண்ணின கல்லு. மறந்துராதீங்க." கல்லை இறக்கச் சொல்லிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள். "அறுந்தது முதலாளியோட சங்கிலி. அவரும் ஒரு தரம் உட்கார்ந்துட்டா யாரும் நாளைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

முதலாளி இதற்குத்தான் காத்திருந்தவர் போல எழுந்தார். பலகையார் இரண்டு தரம் கனைத்தார். மச்சான் துணிக்குள் போனார். இந்தத் தரம் வணக்கம் கொஞ்சம் நீண்டது, முக்கலும் கேட்டது.

முதலாளி உட்கார்ந்தார். நெட்டையனைப் போல ஒன்றே முக்கால் ஆள் அவர். கால் இரண்டும் ஒரு முழ உயரத்தில் தொங்கின. சாட்சிக்கல் தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. பூ மாதிரி நின்றார். கொஞ்சம் பெரிய பூ.

"பார்த்தியாடா! எலும்பும் தோலுமா இருக்கிறவன் கீழ போறான், இவரு மேல நிக்கிறாரு. இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?" என்றார் மேஸ்திரி, நெஞ்சில் கைவைத்து. முப்பது வருஷம் கடப்பாரை பிடித்த கை அது.

முதலாளியை இறக்கினார்கள். மச்சான் வழக்கம்போல ஓரமாக நகர்ந்தார். முட்டுக்காரி அவருக்கும் துணிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நீங்க இருங்க அண்ணே. காலையிலிருந்து வணங்கி வணங்கி முதுகு ஒடிஞ்சிருக்கும். டேய், அந்தப் பாவிக் கல்லை வைங்கடா."

வைத்தார்கள். சாட்சிக்கல் அசையவில்லை. ஓரக்கல் மேலேயே நின்றது.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இப்பத்தானே ஐயா சொன்னீங்க, பாவம் பண்ணின கல்லுன்னு? அஞ்சு நிமிஷத்துல அது என்ன புண்ணியம் பண்ணிச்சு? எங்கயும் போகலையே. இங்கதான் கிடந்துச்சு, என் காலுக்குப் பக்கத்துல."

பலகையாருக்கு வியர்த்தது. ஆனால் வாய் ஓய்கிற வாயா அது?

"முதலாளி உட்கார்ந்த பலகை! அவர் புண்ணியம் அதுல படிஞ்சிருக்கு!"

"படிஞ்சிருக்கட்டும். அது காயறதுக்குள்ள என் புருஷனையும் உட்கார வைங்க."

பலகையார் தடுப்பதற்குள் வைத்துவிட்டார்கள். நெட்டையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான், அந்தத் தொம்முக்காகப் பல்லைக் கடித்தபடி. தொம் வரவில்லை. கண்ணைத் திறந்தான். கட்டுப் போட்ட பாதம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்தது மேஸ்திரி அண்ணன்" என்றாள்.

"நானா? வேணாம்மா, நான் நேத்துக்கூடக் குடிச்சேன்."

"ஊருக்கே தெரியும். உட்காருங்க."

மேஸ்திரியும் பூவானார். ரம்பக்காரர் தையல் மெஷின் இல்லாமலேயே பூவானார். வாசலிலிருந்து ஓடி வந்த லாரி டிரைவர், ஊர் ஊராகக் கடன் சொல்லி டீ குடிக்கிறவர், அவரும் பூவானார். ஒரு மனிதரின் புண்ணியத்தில் பட்டறையே பூந்தோட்டமாகிக்கொண்டிருந்தது. யாருக்கும் அடக்க முடியாத சிரிப்பு.

முட்டுக்காரி குனிந்து பட்டுத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே பீடம் என்று ஒன்றும் இல்லை. நீளமாக ஒரு மரச்சட்டம், அதன் மேல் ஒரு மரக்கட்டை. கட்டைக்கு ஒரு கயிற்றுப் பிடி. சட்டத்தில் சாட்சிக்கல்லுக்குக் கிட்டே ஒரு பள்ளம், அங்கிருந்து இரண்டு முழம் தள்ளி இன்னொரு பள்ளம்.

மேஸ்திரிதான் முதலில் கத்தினார்.

"டேய்! முட்டுடா! நம்ம முட்டுடா இது! கல்லுக்கிட்ட வச்சா ஆளு இறங்குவான், இந்தப் பக்கம் தள்ளினா இறங்க மாட்டான். ரெண்டு முழம் தள்ளியிருக்கான்டா, ரெண்டு முழம்! முப்பது வருஷமா தினம் இதைத்தானேடா பண்றேன்!" தலையில் அடித்துக்கொண்டார். ஏமாந்ததைவிட, முட்டு நகர்ந்தது தெரியாமல் நின்றதுதான் அவருக்கு மானக்கேடு. தினமும் கடப்பாரையில் தொங்குகிற முப்பது பேர், அதே கடப்பாரைக்குத் துணி போர்த்தியதும் கும்பிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோபத்தில் சாட்சிக்கல்லை உதைத்துப் புரட்டினார். அப்புறம் அதன் அடியைக் குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"இந்த அடி நான் கொத்தினதுல்ல? போன மாசம், முதலாளி அவசரமா வேணும்னு கேட்டாரே…"

எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. வானம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

மச்சான் இதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். பலகையாரைத் தாண்டவிடவில்லை. கடப்பாரை ஆட்கள் சாட்சிக்கல்லைப் பழையபடி முனையில் வைத்து, அவரைத் தோளைப் பிடித்துப் பலகையில் உட்கார வைத்தார்கள். அவரை அவர்கள் தூக்கிப் பிடித்திருக்க, முட்டுக்காரி காலாலேயே கட்டையைக் கல் பக்கம் தள்ளினாள். "இப்ப பாவி." ஆட்கள் பிடியை விட்டார்கள். தொம். அவரை மறுபடி தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கட்டையை இந்தப் பக்கம் இழுத்தாள். "இப்ப புண்ணியவான்." மறுபடி கட்டை போனது. "பாவி." தொம். ரம்பக்காரர், "இன்னும் ஒரு தரம் பாவி ஆக்கும்மா, என் தையல் மெஷினுக்கு" என்றார். ஆக்கினாள்.

மெஷின் அன்று மாலையே வீடு திரும்பியது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

முதலாளி எழுந்து, "சரி சரி, போலி ஆள்னு தெரிஞ்சு போச்சு, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றார்.

முட்டுக்காரி அவர் முன்னால் போய் நின்றாள். கையில் அந்தக் கட்டை இருந்தது.

"முதலாளி, உங்க சொல்லு ஒண்ணு பாக்கி. பலகை மேல வச்சா வைத்தியம் உங்க பொறுப்புன்னு முப்பது பேர் முன்னால சொன்னீங்க. வச்சிருச்சு. எல்லாரும் பார்த்தாங்க."

"அதான் பலகையே பொய்யின்னு ஆச்சேம்மா!"

"அப்ப பாவமும் பொய். பாவம் பொய்யின்னா மிச்சம் என்ன இருக்கு?" என்று கையை நீட்டிக் காட்டினாள். "அந்தச் சங்கிலிதான் இருக்கு. அது யாரோடது?"

பலகை மெய் என்றாலும் அவர்தான் பொறுப்பு, பொய் என்றாலும் அவர்தான். முதலாளி இரண்டு பக்கமும் பார்த்தார். தன் பக்கம் நகர்த்திக்கொள்ள முட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் முப்பது பேரும் திரும்பிச் சங்கிலியைப் பார்த்தார்கள். பத்து வருஷமாக அதற்குக் கீழே நின்றவர்கள். கட்டுக்கம்பியை முதல் தரம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மேஸ்திரி தலைத்துணியை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார்.

"புதுச் சங்கிலி வர்ற வரைக்கும் ரம்பம் ஓடாது முதலாளி. இதை அஞ்சாவது தரமா சொல்றேன். இந்தத் தரம் எல்லாரும் சேர்ந்து சொல்றோம்."

லாரி டிரைவர் சும்மா இருக்கவில்லை. "வண்டி காலியாத்தான் நிக்குது. பெரிய ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்றார்.

எட்டாம் நாள் ஆபரேஷன் நடந்தது. பாதம் தங்கியது. நெட்டையன் இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். புதுச் சங்கிலியில் கல் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்க்கிறான். அந்த நாயை மட்டும் இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டாம், நாய்க்குச் செய்தது தப்புதான். ஆனால் சங்கிலியை அறுத்தது நாய் இல்லை.

மாவு மில்லில் பூட்டுத் தொங்கியது, பதினைந்து நாள். இப்போது மறுபடி திறந்திருக்கிறார்கள். அடுத்த பிறவியைக் காட்டும் கண்ணாடி வந்திருக்கிறதாம். வரிசை பேருந்து நிலையம் வரை நிற்கிறது. கணக்கு வாத்தியார் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த இருபது நாளும் பலகைக்கு முன்னால் ஊரில் குனியாத ஆளே இல்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்கள். திறந்துகொண்டு குனிந்தவள் ஒருத்திதான். குனிவது என்று முடிவு செய்துவிட்டீர்களா, குனியுங்கள் ஐயா. அப்படியே துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.